நிமிசத்துக்கு ஒரு சேதி

அக்டோபர் 1, வியாழன்

நெட் கம்பெனியிலிருந்து வந்த தம்பி பிரணவ், "தினமும் என்ன புகார் வந்தது, என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன். சிமெண்ட் கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி. ஒன்பது மாதம் காலி. கடைக்காரர் பார்த்தால் வருத்தப்படுவார்.

என் பெயர் பரமகுரு. வயது ஐம்பத்திரண்டு. படிப்பு பத்தாவது, அதுவும் இரண்டாம் தடவையில். கோவில்பட்டியில் பைபாஸுக்கு இந்தப் பக்கம் நாலு தெருவுக்கு நெட் லைன் கொடுக்கிறேன். முன்பு கேபிள் டிவி. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. ஏணியில் ஏறுவது சண்முகையா. கீழே நின்று திட்டு வாங்குவது நான். இருபது வருசமாக இந்த ஏற்பாடு நன்றாகவே போகிறது.

இன்று முதல் ஒரு புது ஏற்பாடு. பிரணவ் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "இதுவரைக்கும் நாமதான் ஒவ்வொரு மோடத்தையும் போய், நல்லா இருக்கியான்னு கேட்டுக்கிட்டு இருந்தோம் சார். இனிமே கேக்கவே வேணாம். அதுவே நிமிசத்துக்கு ஒரு சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். ஃபைபர்ல வெளிச்சம் எவ்வளவு வருது, எத்தனை போன் சேர்ந்திருக்கு, எது என்ன பாக்குது, எல்லாம்."

"எனக்கா அனுப்பும்?"

"உங்களுக்கு இல்ல. ஐதராபாத்துல ஒரு கம்பெனி இருக்கு. அவங்க அலசிப் பார்த்து உங்க பேனல்ல போடுவாங்க."

"அவங்க நம்ம கம்பெனியா?"

"வேற கம்பெனி சார். அலசறது மட்டும்தான் அவங்க வேலை."

துணி துவைக்கிற மாதிரி சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். புரியாத இடத்தில் தலையை ஆட்டுவதில் நான் பட்டதாரி.

வீட்டில் செண்பகமும் மதுமிதாவும். மது ஆடிக்கு வந்தவள். வைகாசியில் கல்யாணமாகி ஓசூருக்குப் போனவளை, வழக்கப்படி ஆடிக்கு அழைத்து வந்தோம். இப்போது புரட்டாசி. அம்மா சமையலை விட்டுப் போகப் பெண்பிள்ளைகளுக்கு மனசு வராது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வருவார், முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார். அவ்வளவுதான். இது புகார்க் கணக்கில் வராது.

அக்டோபர் 2, வெள்ளி

மூன்று புகார். மூன்றும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூப்பிட்டவர்கள்.

அக்டோபர் 5, திங்கள்

பேனலை என் போனிலேயே பார்க்கலாம். முந்நூற்றுப் பன்னிரண்டு பச்சைப் புள்ளி. கெட்டுப்போனால் சிவப்பு. ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த வீடு திறக்கிறது.

எங்கள் தெருக்களில் கதவு எண்ணை நம்பி யாரும் போக முடியாது. பதினேழுக்குப் பக்கத்தில் ஐம்பத்து நாலு இருக்கும். அதனால் ஒவ்வொரு மோடத்துக்கும் நான் ஒரு பெயர் போட்டு வைத்திருக்கிறேன். சொன்னால் சண்முகையாவுக்கு வீடு கண்முன்னால் வரவேண்டும், அதுதான் கணக்கு. 'வாய்தா வக்கீல்', 'குறட்டை சார்', 'நாய் கடிச்ச வீடு', 'கேட்டைத் திறக்காத அம்மா', 'மாமியா கீழ மருமக மேல'. "அண்ணாச்சி பேரு வச்சா அந்த ஆளே நேர்ல நிக்காரு" என்பான் சண்முகையா. பத்தாவது பெயிலானவனுக்கு ஊரில் கிடைத்த ஒரே நல்ல பெயர் அது.

இன்று சும்மா தொட்டுப் பார்த்தேன். வாய்தா வக்கீல் வீட்டில் பதினோரு மணி வரை ஒரு போனும் அசையவில்லை. குறட்டை சார் காலை ஆறு மணியிலிருந்து சமையல் வீடியோ பார்க்கிறார். அந்த வீட்டு அம்மா என்ன பார்க்கிறார் என்பதும் தெரிந்தது. எழுதமாட்டேன்.

சீ என்று இருந்தது. அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னல் திறந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஊர் இது. நானும் திருப்பிக்கொண்டேன். அப்புறம் திரும்பினேன்.

அக்டோபர் 8, வியாழன்

நாலாம் தெருவில் இரண்டு சிவப்பு. எலி கடித்தது.

நம் வீட்டு மோடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. செண்பகம் சீரியல். 'மது போன்' என்று ஒரு வரி. பாட்டு, பரீட்சைப் பாடம், இன்னும் ஏதேதோ. அதன் கீழே வீடியோ கால் என்று ஒரு கட்டம். பூஜ்யம். ஒரு வாரத்துக்கும் பூஜ்யம்.

அக்டோபர் 9, வெள்ளி

பூஜ்யம்.

அக்டோபர் 10, சனி

பூஜ்யம். லைனில் கோளாறு எதுவும் இல்லை. சோதித்துவிட்டேன்.

அக்டோபர் 13, செவ்வாய்

டீக்கடையில் சங்கரய்யா கேட்டார்: "என்ன அண்ணாச்சி, பாப்பா இன்னும் கிளம்பலையா?"

"ஓசூர்ல தண்ணிக் கஷ்டம். தீபாவளிக் குளியலையும் முடிச்சிட்டுப் போலாம்னு இருக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். இதற்கென்றே ஏழெட்டு பதில் தயாராக வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு வேலை மும்முரம், ஓசூர்க் குளிர் சேரவில்லை, எங்க வீட்டு நாய் விடமாட்டேங்குது. எங்கள் வீட்டில் நாயே கிடையாது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. சிரிக்கிறவன் அடுத்த கேள்வி கேட்கமாட்டான். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை.

அக்டோபர் 16, வெள்ளி

இன்றைய நாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

காலை பத்து மணிக்கு ஐதராபாத் கம்பெனி, வாடிக்கையாளர் எல்லாருக்கும் வாட்சப்பில் 'உங்கள் இல்லத்தின் இணைய அறிக்கை' அனுப்பியது. கலர் படம், வட்டம், கோடு எல்லாம் போட்டு. யார் வீட்டில் எத்தனை மணி நேரம் என்ன பார்த்தார்கள் என்று. மேலே மரியாதையாக ஒரு வரி: 'அன்புள்ள குறட்டை சார் அவர்களுக்கு'.

மோடம் தன் சேதியோடு பெயரையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் வைத்த பெயரை.

பத்து ஐந்துக்கு வாய்தா வக்கீல் கூப்பிட்டார். "பரமகுரு, நான் எத்தன வாய்தா வாங்கினேன்னு உனக்குக் கணக்குத் தெரியுமாலே? இந்தக் கேஸை மட்டும் ஒரே வாய்தால முடிக்கேன் பாரு."

குறட்டை சார் கூப்பிடவில்லை. அவர் மனைவி கூப்பிட்டார். "என்ன அண்ணாச்சி, எங்க வீட்டுக்குள்ள மைக்கு வச்சிருக்கீங்களா?"

'மாமியா கீழ மருமக மேல' வீட்டில் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். இரண்டு வருசமாகப் பேச்சு இல்லாதவர்கள், என்னைத் திட்டுவதில் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்த ஒரு நல்ல காரியமாவது நடந்தது.

பிரணவைப் பிடித்தேன். "நீங்க போட்ட பேருதான சார்? சிஸ்டம் இருக்கறதத்தான் எடுத்துக்கும்" என்றார்.

"அந்தப் பேரு எங்கெங்க போயிருக்கு?"

"ஐதராபாத்துக்கு. அங்கருந்து அவங்க கூட்டாளிங்க ரெண்டு மூணு பேருக்கு."

"அவங்க யாரு?"

"அது எனக்கே தெரியாது சார்."

நம் வீட்டுக்கும் ஓர் அறிக்கை வந்தது. என் போனுக்குத்தான் வந்தது. அழித்துவிட்டேன்.

அக்டோபர் 17, சனி

வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் திட்டிவிட்டு டீ கொடுத்தார்கள். பதினொரு டீ.

'சவுதி புருசன்' என்று நான் பெயர் வைத்த வீடு. இரண்டு பெண்குழந்தைகளோடு இருக்கிற மரியபாக்கியம் வாசல்படியிலேயே நிறுத்திவிட்டார். சத்தம் போடவில்லை.

"அண்ணாச்சி, இங்க ஆம்பள இல்லேங்கிறது தெருவுக்குத் தெரியும். சரி. நாங்க எப்ப எந்திரிக்கோம், எப்ப படுக்கோம், எப்ப வீட்டப் பூட்டிட்டுப் போறோம், அதுவும் சேர்ந்துல்லா போயிருக்கு. எத்தன பேருக்குப் போச்சு?"

"தெரியலம்மா."

"தெரியாம எப்படி அனுப்பினீங்க?"

நான் சிரிக்கப் பார்த்தேன். பழக்கதோஷம். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்டோபர் 18, ஞாயிறு

மாப்பிள்ளை கோகுலகண்ணன் போன் செய்தார். கல்யாணத்தின்போது, பெருமைக்காக, நம் வீட்டு இணைப்பில் இரண்டாவது நம்பராக அவர் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன். அறிக்கை அவருக்கும் போயிருக்கிறது.

நலம் விசாரித்தார். மரியாதையான பையன். ஒரு வார்த்தை கூட உயர்த்திப் பேசமாட்டார்.

இரண்டாம் தெருக் கம்பத்தில் பெட்டி மூடி பறந்துவிட்டது. புது மூடி போட்டோம்.

அக்டோபர் 19, திங்கள்

மாப்பிள்ளை மறுபடியும் கூப்பிட்டார். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

"மாமா, அந்த அறிக்கை நல்லா இருந்துச்சு. இந்த மாதிரி தினமும் பாக்க முடியுமா?"

"பேனல்ல பாக்கலாம் மாப்ள. அது ஆப்பரேட்டருக்கு மட்டும்தான்."

"எனக்கும் தெரியற மாதிரி ஒரு லாகின் போட்டுக் குடுங்க. மது என்ன பண்றா, எப்படி இருக்கான்னு ரெண்டு வாரம் பாக்கறேன். மனசு திருந்தியிருந்தா தீபாவளிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கும் ஊர்ல மரியாதை."

மனசு திருந்துவது என்றால் என்ன, அது மோடத்தில் எந்தக் கட்டத்தில் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அக்டோபர் 20, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. சண்முகையாவுக்குப் புது ஏணி வாங்கினேன். அலுமினியம். லேசாக இருக்கிறது.

அக்டோபர் 21, புதன்

மாப்பிள்ளையிடமிருந்து மெசேஜ்: 'தேங்க்ஸ் மாமா.' எதற்கு என்று இங்கே எழுதத் தேவையில்லை. செண்பகத்திடம், "தீபாவளிக்கு மாப்ள வாராரு" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. உடனே வேட்டி எடுக்கக் கிளம்பிவிட்டாள். மது எழுந்து உள்ளே போனாள்.

நல்லது செய்தால் சாப்பாடு இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை.

அக்டோபர் 24, சனி

மது மத்தியானச் சாப்பாட்டை எச்சில் கையோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மாப்பிள்ளை மெசேஜ் அனுப்பியிருக்கிறார். 'நேத்து மூணு மணியிலருந்து நாலு பத்து வரைக்கும் என்ன பாட்டு?' அவ்வளவுதான் அதில் இருந்தது.

போனை அணைத்தாள். மறுபடி போட்டாள், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்தாள், சிம்மைக் கழற்றினாள். "இதுக்குள்ள என்னமோ வச்சிருக்காரும்மா. நான் இங்க இருந்தாலும் அவருக்குத் தெரியுது" என்று செண்பகத்திடம் சொன்னாள். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் ஏதேதோ சொன்னாள். நான் கூடத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எந்தப் பக்கம் என்று தெரியாது.

ஓசூர் வீட்டில் கூடத்திலும் அடுப்படியிலும் கேமரா. திருடனுக்காக என்று சொல்லி வைத்தாராம். "எத்தன மணிக்கு அடுப்பு பத்த வச்சேன், எத்தன தடவை பால்கனிக்குப் போனேன், எல்லாம் ஆபீஸ்லருந்தே பாத்துக்கிட்டு இருப்பாரும்மா. அடிக்கல, வையல. சாயங்காலம் வந்து உக்காந்து ஒண்ணொண்ணா கேப்பாரு. இதுக்குப் பதில் சொல்லு, அதுக்குப் பதில் சொல்லு. நான் தூங்கினாக்கூட எதுக்குப் பகல்ல தூங்கினன்னு."

செண்பகம் அழுதாள். என்னைப் பார்த்து, "கேட்டீகளா?" என்றாள்.

"கேட்டேன்" என்றேன். அதற்கு மேல் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 25, ஞாயிறு

மது போனைத் தொடவில்லை. பேனலில் அந்த வரி சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மாப்பிள்ளை எனக்கு மெசேஜ்: 'மாமா, மது போன் ஆஃப்ல இருக்கே, சிஸ்டத்துல ஏதும் பிரச்சனையா?' புகார்ப் பட்டியலில் இதையும் சேர்க்கவேண்டுமா என்று பிரணவைக் கேட்கவேண்டும்.

லாகினை நிறுத்திவிடலாம். ஒரு பொத்தான்தான். நிறுத்தினால், ஏன் என்று கேட்பார். தீபாவளிக்கு வரமாட்டார். நாளைக்கு நிறுத்தலாம்.

அக்டோபர் 27, செவ்வாய்

கம்பெனியிலிருந்து உத்தரவு. மாதக் கடைசிக்குள் எல்லா மோடத்துக்கும் ஒழுங்கான பெயர் போடவேண்டும். ஒரு விரலால் தட்டித் தட்டி நாற்பது வீடு முடித்தேன். ஒரு வரிசை தவறிவிட்டது. இவர் பெயர் அவருக்கு, அவர் பெயர் இவருக்கு. சண்முகையாவைச் சரியாக நாய் கடித்த வீட்டுக்கே மறுபடி அனுப்பிவிட்டேன். நாய் அவனை மறக்கவில்லை.

"குடுங்கப்பா, நான் போட்டுத் தாரேன். அரைமணி நேர வேலை" என்றாள் மது. கம்ப்யூட்டர் படித்தவள்.

"வேணாம்மா."

"அவதான் சும்மா இருக்காள்லா, குடுங்களேன்" என்றாள் செண்பகம்.

"வேணாம்னா வேணாம்" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கத்துகிற ஆள் இல்லை.

அக்டோபர் 30, வெள்ளி

காலை ஒன்பதரைக்கு பைபாஸில் பள்ளம் தோண்டிய ஜேசிபி நம் ஃபைபரை வாரிக்கொண்டு போய்விட்டது. நூற்றைம்பது வீடு செத்துப்போனது. நானும் சண்முகையாவும் இடுப்பளவு சேற்றில் நின்று ஒட்டிக்கொண்டு இருந்தோம். என் போன் பள்ளத்தில் விழுந்தது. எடுத்து உதறினேன், வாயைத் திறக்கவில்லை.

எந்தெந்த வீட்டுக்கு வெளிச்சம் வந்தது என்று தெரியாமல் பள்ளத்தை மூட முடியாது. பேனலைப் பார்க்கவேண்டும். ஜேசிபிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சண்முகையா தன் போனை நீட்டினான். அவனுடையது பட்டன் போன். "பாப்பாவக் கூப்பிடுங்க அண்ணாச்சி, வீட்டு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிரும்" என்றான்.

வேறு வழி யோசித்தேன். கிடைக்கவில்லை. வழி கிடைக்காத அளவுக்குத்தான் யோசித்தேன் என்றும் சொல்லலாம்.

செண்பகம் போனுக்கு அடித்து, மதுவிடம் பாஸ்வேர்டைச் சொன்னேன். அவள் பெயரும் பிறந்த வருசமும்தான் பாஸ்வேர்டு.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "வாய்தா வக்கீல் வந்துட்டாருப்பா... குறட்டை சார் வந்துட்டாரு..." குரலில் சிரிப்பு. ஆடிக்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. அப்புறம் குரல் நின்றது. "மதும்மா?" என்றேன். "மிச்சமெல்லாம் பச்சைப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனேன். சேறோடு வாசலில் நின்றேன். மது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"ஆடி முடியாத வீடுன்னு ஒண்ணு இருக்கே, யார் வீடுப்பா அது?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"நல்ல பேரு. சொன்ன உடனே வீடு தெரியுது. சண்முகையா மாமா வச்சாரா?"

"இல்ல."

"ஆகஸ்டு பதினெட்டாம் தேதின்னு போட்டிருக்கு. ஆவணி ஒண்ணு. உங்க பேர் போட்டிருக்கு." இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "இதுல யார் யார் உள்ள வந்தாங்கன்னு இருக்கு. நீங்க என் போனை ஐம்பத்தாறு தடவை பாத்திருக்கீங்க. சரி, அப்பா. இது யாரு? ஓசூர்லருந்து, தினமும் ஒன்பது பத்து தடவை."

செண்பகம் கரண்டியோடு வந்து நின்றாள்.

"நான் போனைச் சந்தேகப்பட்டேன். சிம்மைச் சந்தேகப்பட்டேன். ஒரு வாரமா மூச்சு விடப் பயந்துக்கிட்டு இருந்தேன். நீங்க அந்த நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"மாப்ள தீபாவளிக்கு வாரேன்னு..."

"ஓசூர்ல நாலு செவுத்துக்குள்ள பாத்தாரு. அதுக்குத்தான் இங்க வந்தேன். நீங்க இங்கயும் அவருக்கு ஜன்னல் வெட்டிக் குடுத்திருக்கீங்க."

எழுந்து போனாள். சேறு காய்ந்து காலில் இழுத்தது. செண்பகம் அடுப்படிக்குத் திரும்பினாள். தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 31, சனி

உள்ளதை எழுதிவிடுகிறேன். கம்பெனி இந்த டைரியைக் கேட்டால், தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை டீக்கடையில், 'ஆடிதான் முடிஞ்சிருச்சே' என்று ஒருவர் இழுத்தார். மற்றவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். ஊர் இனி எங்களுக்கு ஒரு பெயர் வைக்கும் என்று தெரிந்தது. வைக்கத் தெரிந்தவனுக்குத் தெரியாதா? அவர்கள் வைப்பதற்குள் நாமே வைத்துவிட்டால் வலிக்காது என்று தோன்றியது. கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, போனில் நம் வீட்டு மோடத்துக்கு அந்தப் பெயரைப் போட்டேன். சண்முகையாவிடம் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "இது வேணாம் அண்ணாச்சி" என்றான். நான் சிரித்தேன்.

எனக்கு வலிக்கவில்லை என்பது நிஜம். பெயர் அவள்மேல் அல்லவா இருந்தது.

ஐதராபாத்தை இத்தனை நாள் காறித் துப்பிக்கொண்டு இருந்தேன். அவர்களுக்கு மது யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும். கண்ணாடியில் சவரம் செய்யும்போது பாதி முகத்தோடு எழுந்து வந்துவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

ஓசூர் லாகினை நிறுத்தப் போனேன். உள்ளே விடவில்லை. மது பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். ஓசூர் லாகினையும் அவளே நீக்கிவிட்டாளாம். செண்பகம் சொன்னாள். எனக்கு வேண்டிய விவரம் எல்லாம் இப்போது செண்பகம் வழியாகத்தான் வருகிறது.

முந்நூற்றுப் பன்னிரண்டு மோடத்துக்கும் வெறும் எண் போட்டிருக்கிறாள். எந்த எண் எந்த வீடு என்பது ஒரு நோட்டில் இருக்கிறது. நோட்டு அவளிடம். அது ஐதராபாத்துக்குப் போகாது.

பிரணவிடம், சேதி அனுப்புவதையே நிறுத்தச் சொன்னேன். "அது முடியாது சார். ஓடிக்கிட்டுதான் இருக்கும். போன சேதி போனதுதான்" என்றார். மரியபாக்கியத்திடம் போய் அதையே சொன்னேன், ஒளிக்காமல். அவர் மோடத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். இப்போது முந்நூற்றுப் பதினொன்று.

நவம்பர் 4, புதன்

இரண்டு புகார். சண்முகையாவுக்குக் காய்ச்சல். மது பேசவில்லை.

நவம்பர் 6, வெள்ளி

தலைதீபாவளி வேட்டி கடைப் பையோடு பீரோமேல் இருக்கிறது. செண்பகம் அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறாள். முறுக்கு சுடவில்லை.

நவம்பர் 8, ஞாயிறு. தீபாவளி

காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். தெருவே வாசலில் நின்று வெடி போட்டுக்கொண்டு இருந்தது. குறட்டை சார், மேலே மருமகள், கீழே மாமியார், எல்லாரும்.

பழக்கத்தில் "வாங்க மாப்ள" என்றேன். கேட்டைத் திறக்கவில்லை. கை போகவில்லை.

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பேசிய முதல் பேச்சு இது: "மாமா, ஒரு வாரமா பேனல் ஓபன் ஆகல. பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?"

மதுவைக் கேட்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. என்ன மரியாதையான குரல்! இந்தக் குரலை நம்பித்தான் நான் கொடுத்தேன்.

"நான் மாத்தல. மது மாத்தினா."

"அவகிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

"அவளப் பத்தின சேதி. அவகிட்டதான் இருக்கணும்."

"நல்லதுக்குத்தான மாமா பாத்தேன். நீங்களும்தான பாத்தீங்க?"

"பாத்தேன். அது தப்பு. உங்களுக்குக் குடுத்தது அதவிடப் பெரிய தப்பு."

அவர் தெருவைப் பார்த்தார். குரலை இன்னும் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்கறாங்க. அவளக் கூப்பிடுங்க, கூட்டிட்டுப் போயிடறேன். இல்லன்னா நாளைக்கு ஊருக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

எனக்கென்று ஏழெட்டு பதில் உண்டே, அதில் ஒன்றைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் கதவருகே மது நிற்கிறாள் என்று தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தது போதும்.

"என் மக உங்களோட வாழப் பிடிக்காம வந்துட்டா. இங்கதான் இருப்பா. அதத்தான் சொல்லுவேன்" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. வெடிச்சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. தெரு முழுவதும் கேட்டிருக்கும்.

அவர் போனை எடுத்து எதையோ பார்த்தார். காரில் ஏறிப் போனார்.

குறட்டை சார் மத்தாப்பைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். அணைந்தது கூடத் தெரியாமல்.

உள்ளே வந்தேன். மது தன் அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். செண்பகம் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

நவம்பர் 9, திங்கள்

டீக்கடையில் சங்கரய்யா எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன். "மது வந்துட்டா. இனி இங்கதான்." யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் பேச்சு மழை பக்கம் போனது.

வீட்டுக்கு வந்தபோது மது கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்காமலே, "நூத்தி எழுபதாம் நம்பர் சிவப்பு. மூணாம் தெரு, பச்சை கேட்டு. சண்முகையா மாமாவுக்கு இன்னும் காய்ச்சல்" என்றாள்.

பத்து நாளில் அவள் என்னோடு பேசியது இதுதான். இதில் அப்பா என்ற வார்த்தை இல்லை.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். இருபது வருசம் கழித்து ஏறுகிறேன். மூன்றாவது படியில் நின்று கீழே பார்த்தேன். ஏறினேன். வயரைச் சொருகிவிட்டு, பச்சையாகிவிட்டதா என்று அவளுக்குப் போன் செய்து கேட்டேன்.